ஃபோன் செயலியோடு ஓடப் பழகுதல்: டர்பன் பக்கத்துப் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று எங்கிருந்து ஓடத் தொடங்கினாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஓட்டம் நம் கால் சம்பந்தப்பட்டது, செயலி ஃபோன் சம்பந்தப்பட்டது. இரண்டிலும் எங்கெங்கே கோளாறு வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதுவரை ஓடியதே இல்லை. எந்தச் செயலியில் தொடங்கலாம்?

முதல் ஒன்பது வாரத்துக்கு உங்களுக்கு வேண்டியது சரியான நேரத்தில் "ஓடு", "நட" என்று காதில் சொல்லும் ஒரு மணிதான். ஜாஷ் கிளார்க் என்பவர் 1996இல் எழுதிய கௌச் டு 5கே (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டம் அதற்குப் போதும். அதே திட்டத்தைப் பல செயலிகள் பல பெயரில் தருகின்றன. எதை இறக்கினாலும் உள்ளே இருக்க வேண்டியது இதுதான்:

முதல் வாரம்: 5 நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை. இப்படியே ஏறி, ஒன்பதாம் வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள்.

ஐந்தாம் வாரம் மூன்றாம் நாளைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அதற்கு முந்தின ஓட்டத்தில் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம் ஓடியிருப்பீர்கள். அடுத்த முறை திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். செயலியில் ஏதோ பிழை என்று நினைக்க வேண்டாம், திட்டமே அப்படித்தான். வேகத்தைக் குறைத்தால் முடியும். முடியாமல் போனால் நாலாம் வாரத்தை மறுபடி ஓடிவிட்டு வாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்ட்ராவா, நைக் ரன் கிளப், சாம்சங் ஹெல்த்: எது நல்லது?

ஸ்ட்ராவாவின் பலம் பதிவேடும் நண்பர் வட்டமும். ஓட்டத்தைப் பதிவு செய்யக் காசு வேண்டாம், பயிற்சித் திட்டங்கள் சந்தா கட்டுவோருக்கு. நைக் ரன் கிளப்பில் காதில் பேசிக்கொண்டே ஓட்டும் பயிற்சிகளும் நெடுந்தூரத் திட்டங்களும் இலவசம். சாம்சங் ஃபோன் வைத்திருந்தால் சாம்சங் ஹெல்த் முன்பே உள்ளே இருக்கும். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

2019க்குப் பிறகு வந்த பல ஹுவாவே ஃபோன்களில் கூகுள் சேவைகள் இல்லை. அவற்றில் சில செயலிகள் வரைபடத்தைக் காட்டாது, சில திறக்கவே திறக்காது. அந்த ஃபோனுக்கு ஹுவாவே ஹெல்த்தே தலைவலி குறைந்த வழி.

ஒரே ஓட்டத்தை மூன்று செயலியில் ஒரே நேரத்தில் பதிய வேண்டாம். பேட்டரி தீரும், மூன்றும் மூன்று தூரம் சொல்லும், எதை நம்புவது என்று நீங்கள்தான் குழம்புவீர்கள்.

ஓடும்போது டேட்டா செலவாகுமா?

ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம். செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞையை ஃபோன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. டேட்டா தின்பவை வரைபடப் படங்கள், பாட்டு, வழிகாட்டிக் குரல் கோப்புகள் இவைதான். மூன்றையும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். டேட்டாவை அறவே அணைத்தால் ஃபோன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ஏனென்றால் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை நெட்வொர்க்கிலிருந்து வாங்காமல் வானத்திலிருந்தே வாங்க வேண்டியிருக்கும். கிளம்புமுன் திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்று, செயலி இடத்தைப் பிடித்துவிட்டதாகக் காட்டியபின் பொத்தானை அழுத்துங்கள். தாழ்வாரத்துக் கூரையடியில் அழுத்திவிட்டு ஓடினால் முதல் 200, 300 மீட்டர் கோணல்மாணலாகத்தான் பதிவாகும்.

5 கிலோமீட்டர் ஓடினேன், செயலி 3.4 என்கிறது. வரைபடத்தில் நேர்கோடு கடலுக்கு மேல் போகிறது!

இது ஆண்ட்ராய்டில் அதிகம் நடக்கிற கோளாறு. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஃபோன் பின்னணியில் ஓடும் செயலியைத் தூங்கவைத்துவிடுகிறது. நீங்கள் திரையைத் தொட்டதும் அது விழித்து, கடைசியாகத் தெரிந்த இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். டர்பன் கடற்கரை நடைபாதை வளைவதால் அந்தக் கோடு தண்ணீருக்கு மேல் விழுகிறது. வளைவெல்லாம் போய்விட்டதால் தூரமும் குறைகிறது.

சரிசெய்யும் முறை: செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, பேட்டரி என்று போய் "அன்ரெஸ்ட்ரிக்டெட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் "ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியலில் செயலியின் பெயர் இருந்தால் நீக்குங்கள். ஹுவாவேயில் "ஆப் லாஞ்ச்" பக்கத்தில் தானியங்கி நிர்வாகத்தை அணைத்து, "ரன் இன் பேக்கிரவுண்ட்" உட்பட மூன்று அனுமதியையும் கையால் கொடுங்கள். ஷாவ்மியில் "ஆட்டோஸ்டார்ட்" அனுமதியும் சேர்த்து வேண்டும். முழு ஃபோனுக்கான பேட்டரி சேவர் ஓடும்போது அணைந்திருக்கட்டும். ஐஃபோனில் செயலிக்கான இடம் அனுமதியில் "பிரிசைஸ் லொகேஷன்" திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மாற்றிய பிறகு 10 நிமிடம் தெருவில் நடந்து சோதியுங்கள். நீண்ட ஓட்டத்தன்றுதான் சோதிக்க வேண்டும் என்றில்லை.

ஒரு கணம் கிலோமீட்டருக்கு 5:40 நிமிட வேகம், அடுத்த கணம் 9:10. எது உண்மை?

இரண்டுமில்லை. ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே தவறும், அந்தச் சில மீட்டரை ஒன்றிரண்டு விநாடியில் வகுத்தால் வேகம் துள்ளத்தான் செய்யும். கடற்கரை ஓட்டல் கட்டடங்களை ஒட்டி ஓடும்போது சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் மோசமாகும். திரையில் நடப்பு வேகத்தை எடுத்துவிட்டு, சராசரி வேகத்தையோ ஒவ்வொரு கிலோமீட்டருக்குமான நேரத்தையோ வையுங்கள். குரல் அறிவிப்பும் கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும்.

"ஆட்டோ பாஸ்" வசதியை நடையும் ஓட்டமும் கலந்த பயிற்சியில் அணைத்துவிடுங்கள். மெதுவாக நடக்கும்போது நீங்கள் நின்றுவிட்டதாக எண்ணி அது கடிகாரத்தை நிறுத்தும். பிறகு சராசரி வேகம் பொய்யாக அழகாய்த் தெரியும்.

எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்?

கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். "நேத்து ராத்திரி கோயில்ல நல்ல கூட்டம்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் சரி. "நேத்து... ராத்திரி..." என்று இழுத்தால் வேகம் அதிகம். புதியவருக்கு அது கிலோமீட்டருக்கு 8 நிமிடமாக இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். 8 நிமிட வேகத்தில் 5 கிலோமீட்டர் 40 நிமிடம், 10 கிலோமீட்டர் 80 நிமிடம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தொடக்கத்தில் மூச்சு வாங்கி நிற்பவர்களில் பெரும்பாலோருக்குப் பலம் குறைவில்லை, வேகம்தான் அதிகம். 60 விநாடிதானே என்று விரட்டி ஓடுவதால் நாலாவது சுற்றில் விழுகிறார்கள்.

டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாது, உடல் சூடு இறங்காது, இதயம் கூடுதலாக அடிக்கும். ஜூலையில் ஓடிய வேகத்தைச் செயலி நினைவில் வைத்துக்கொண்டு "நீங்கள் பின்தங்குகிறீர்கள்" என்று சொல்லும். அதற்கு வெயிலும் தெரியாது, புழுக்கமும் தெரியாது. லெனேசியாவில் இருப்பவருக்கு வேறு சிக்கல்: ஜொகன்னஸ்பர்க் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். விடுமுறைக்கு டர்பனிலிருந்து அங்கே போய் ஓடினால் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடினாலும் வியப்பில்லை.

எங்கள் தெருவே மேடும் பள்ளமும். சமவெளிக்கான திட்டத்தை எப்படிப் பின்பற்றுவது?

தூரக் கணக்கை விட்டு நேரக் கணக்கில் ஓடுங்கள். சாட்ஸ்வொர்த்தில் வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றம்தான். திட்டம் 4 கிலோமீட்டர் என்றால் உங்கள் வழக்கமான வேகத்தில் அது 32 நிமிடம். மேட்டில் நடந்தும் இறக்கத்தில் குறுகிய அடி வைத்தும் 32 நிமிடம் முடித்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. இறக்கத்தில் பாய்ந்து ஓடாதீர்கள், முட்டி வலியும் தொடைவலியும் அங்கிருந்துதான் கிளம்பும். வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தையாவது கடற்கரை நடைபாதையிலோ உம்லாங்கா பக்கமோ சமதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5 கிலோமீட்டர் முடித்துவிட்டேன். 10க்கும் 21க்கும் எப்படிப் போவது?

வாரத்துக்கு மூன்று ஓட்டம். இரண்டு 30 முதல் 40 நிமிடம் வரை, ஒன்று நீண்டது. நீண்டதை மட்டும் கூட்டுங்கள்: 5, 6, 7, 5, 7, 8, 9, 6, 9, 10 கிலோமீட்டர். நாலாம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். உடல் தேறுவது அந்த வாரங்களில்தான். அதைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கே கால் முன்னெலும்பில் வலி வருகிறது.

10லிருந்து அரை மாரத்தான் தூரமான 21.1க்கு: 10, 11, 12, 9, 13, 14, 15, 11, 16, 17, 18, 12, 8, அடுத்த வாரம் போட்டி. பயிற்சியில் 21 ஓட வேண்டிய அவசியமில்லை. 18 ஓடியவர் போட்டியன்று மீதி மூன்றை ஓடிவிடுவார். இந்தத் தூரங்களில் 5 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது. செயலியில் "இன்டர்வல்" பகுதியில் அந்த 5, 1 இரண்டையும் போட்டுவிட்டால் மணி அடிக்கும். களைத்த பிறகு நடப்பதல்ல இது, முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே தொடங்க வேண்டும்.

ஒரு வாரம் தவறினால் முந்தின வாரத்தை மறுபடி செய்யுங்கள். இரண்டு வாரம் தவறினால் இரண்டு வாரம் பின்னால் போங்கள். விட்டதைச் சேர்த்து ஓடிப் பிடிக்க வேண்டாம். சில செயலிகள் "தொடர்ச்சி அறுந்துவிட்டது" என்று பயமுறுத்தும். அந்த அறிவிப்பை அணைத்துவிடலாம்.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் தசை வலி, நடக்க நடக்கக் குறையும் பிடிப்பு, இவை பரவாயில்லை. ஒரே புள்ளியில் குத்துவது, ஓட ஓடக் கூடுவது, நொண்டவைப்பது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். நெஞ்சு இறுக்கம், மயக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் உட்கார்ந்து உதவி கேளுங்கள்: கைபேசியிலிருந்து 112, ஆம்புலன்ஸுக்கு 10177.

காலணியின் ஆயுள் ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர். ஸ்ட்ராவாவில் காலணியைச் சேர்த்துவிட்டால் தூரத்தை அதுவே கூட்டிக்கொண்டு வரும். உருப்படியான வசதி, பலர் தொடுவதே இல்லை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்தத் திட்டத்தைச் செய்யலாமா?

நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பெரும்பாலோர் செய்யலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவருக்கு ஓடும்போது சர்க்கரை தாழும் அபாயம் உண்டு. கிளம்புமுன் அளவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் முதலில் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து, ஒரு வாழைப்பழமோ இரண்டு ரொட்டித் துண்டோ. 14க்கு மேல் இருந்து கீட்டோனும் இருந்தால் ஓட வேண்டாம். உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. இடுப்புப் பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். ஓடிமுடித்த பல மணி நேரம் கழித்து, இரவிலும் சர்க்கரை தாழலாம் என்பதால் புதிதாகத் தூரம் கூட்டிய நாளில் படுக்குமுன் ஒருமுறை பாருங்கள். கால் விரலிடுக்கில் கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் அவசியம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் தெரியாது.

செயலி காட்டும் கலோரியை நம்பலாமா?

மதிப்பீடுதான். உடல் எடை ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 350. மட்டன் குவார்ட்டர் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) ஒன்று அதைத் தாராளமாகத் திருப்பித் தந்துவிடும். பன்னியைக் கைவிடச் சொல்லவில்லை, ஓட்டத்துக்கு முந்தின இரவில் மட்டும் வேண்டாம். கறியும் எண்ணெயும் மறுநாள் காலை ஆறாவது கிலோமீட்டரில் வயிற்றில் பேசும்.

விரதம், காவடி நாட்களில் என்ன செய்வது?

தைப்பூசம் வருவது இங்கே கோடையின் புழுக்கத்தில். நோன்பு இருந்து, வெறுங்காலோடு காவடி எடுப்பவர் அந்த வாரம் நீண்ட ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். திட்டத்தில் 20 நிமிட நடையாக மாற்றிக்கொள்ளலாம். காவடிக்குப் பிறகு பாதத் தோல் ஆறும்வரை ஓட வேண்டாம், கொப்புளத்தோடு ஓடினால் நடை கோணி முட்டியைப் பிடிக்கும். புரட்டாசியில் சைவ உணவு ஓட்டத்துக்குத் தடையில்லை. பருப்பு, தயிர், பயறு சேர்த்துக்கொண்டால் போதும். சனிக்கிழமை வழிபாடு பார்க்ரன் என்ற காலை ஓட்டத்தோடு மோதும் வீடுகளில் அந்த மாதம் மட்டும் நீண்ட ஓட்டத்தை ஞாயிறுக்கு மாற்றிவிடுங்கள். சில செயலிகளில் ஓட்ட நாளைப் பிடித்து இழுத்து நகர்த்தலாம்.

பார்க்ரன் என்றால் என்ன? செயலிப் பயிற்சியோடு சேருமா?

அருமையாகச் சேரும். சனிக்கிழமை காலை 8 மணி, 5 கிலோமீட்டர், இலவசம். பால் சின்டன்-ஹியூவிட் 2004இல் லண்டனில் தொடங்கியது. காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தில் ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011இல் ஜொகன்னஸ்பர்க்கின் டெல்டா பார்க்கில் அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். டர்பனில் நார்த் பீச்சில் நடப்பது தட்டையான பாதை, புதியவருக்கு ஏற்றது. ஒருமுறை பதிந்து பார்கோடு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஓடலாம், நேரம் மட்டும் வராது. நடந்தே முடிக்கலாம், எல்லோருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் வருவதால் கடைசி ஆளாக நீங்கள் இருக்க முடியாது.

பார்க்ரன் தூரத்தை உங்கள் செயலி 4.93 என்றோ 5.08 என்றோ காட்டும். பாதை அளந்து வைத்தது. தவறுவது ஃபோன்தான்.

தனியாக ஓடும்போது ஃபோனைப் பறித்துவிட்டால்? இடம் வெளியே தெரிந்துவிட்டால்?

ஃபோனைக் கையில் பிடித்து ஓட வேண்டாம், கைப்பட்டையும் வேண்டாம். சட்டைக்குள் மறையும் இடுப்புப் பட்டைதான் சரி. வியர்வை திரையைத் தொட்டுப் பதிவை நிறுத்திவிடாதபடி சிறிய ஜிப் பையில் போட்டு, திரையைப் பூட்டி வையுங்கள். காதொலிப்பான் ஒரு காதில் மட்டும். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் நீங்கள் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். மின்வெட்டு நாளில் தெருவிளக்கு இருக்காது. டிசம்பரில் டர்பனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஜூனில் 7 மணிக்குச் சற்று முன்புதான். அலாரத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றுங்கள்.

கிளம்புமுன் வாட்ஸாப்பில் லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு 1 மணி நேரம் அனுப்பிவையுங்கள். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வு உண்டு. நடுவில் உள்ளது சரி.

ஸ்ட்ராவாவில் ஓட்டத்தைப் பொதுவில் போட்டால் உங்கள் வீட்டு வாசலும் கிளம்பும் நேரமும் யாருக்கும் தெரியும். 2018இல் அதே செயலியின் உலக வெப்பவரைபடத்தில் ராணுவ முகாம்களின் வேலி வடிவமே தெரிந்ததைப் பத்திரிகைகள் எழுதின. தனியுரிமைப் பகுதியில் வீட்டைச் சுற்றி 200 முதல் 1,600 மீட்டர் வரை மறைக்கலாம். கூடவே "யார் பார்க்கலாம்" என்பதை "பின்தொடர்பவர்கள்" என்று மாற்றிவிடுங்கள்.

காம்ரேட்ஸ் ஓடும் ஆசை. எவ்வளவு காலம்?

1921இல் தொடங்கிய ஓட்டம். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலேறியோ அங்கிருந்து கீழிறங்கியோ ஏறக்குறைய 86 முதல் 90 கிலோமீட்டர், 12 மணி நேர வரம்பு. அதற்குத் தகுதி பெற முதலில் ஒரு மாரத்தானைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அது 4 மணி 50 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 6:52. 5 கிலோமீட்டர் முடித்த புதியவர் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒதுக்கட்டும். அந்தத் தூரத்துக்கு ஃபோன் பேட்டரி தாங்காது, கடிகாரம் வேண்டும். செயலியைவிட, பக்கத்து ஓட்டச் சங்கத்தில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக ஓடுவதே அதிகம் கற்றுத்தரும்.

நடுவழியில் ஃபோன் அணைந்துவிட்டது. ஓட்டம் வீணா?

செயலியை மறுபடி திறந்தால் சிலவற்றில் அணைந்தது வரையிலான பதிவு காத்திருக்கும், சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கையால் சேர்க்கும் வசதியில் தேதி, தூரம், நேரம் மூன்றையும் எழுதலாம். தூரம் தெரியாவிட்டால் செயலியின் பாதை வரையும் பகுதியில் நீங்கள் ஓடிய தெருக்களை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள், அது கூட்டிச் சொல்லும். நேரம் தெரியாவிட்டால் வாட்ஸாப்பில் லைவ் லொகேஷன் அனுப்பிய நிமிடத்தைப் பார்த்தால் கிளம்பிய நேரம் இருக்கும்.